பச்சைத் தண்ணீர் ஏன் அடியில் படிகிறது?

சுங்கை சிப்புட்டில் கப்பி மீன் வளர்க்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "குஞ்சுகளுக்குத் தீனி வேண்டுமென்று நீல டிரம்மில் பாசி மிதக்கும் பச்சைத் தண்ணீர் கட்டி, அதிலேயே மொய்னா (பாசி தின்னும் சின்ன நீர்த்தெள்ளு) விட்டேன். ஒரு வாரத்தில் பச்சையெல்லாம் அடியில் படிந்துவிட்டது, மொய்னாவும் குறைகிறது. பாசிக்கு நோயா? மருந்து போடலாமா?"

மருந்து வேண்டாம், ஐயா. குஞ்சுகளின் வயிற்றுக்குப் போகிற தண்ணீர் அது. பாசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

பச்சைத் தண்ணீரில் அடிக்கடி தென்படும் செனடெஸ்மஸ் பாசி ஒற்றைச் செல்லாகவும் வாழும். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு மேய வந்தால், புதிதாகப் பிறக்கும் செல்கள் பிரிந்து போகாமல் நான்காக, எட்டாக ஒட்டியே வளரும். ஹெஸ்ஸன், வான் டோங்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் இதைக் காட்டினார்கள். அதற்கு டாஃப்னியாவே தேவையில்லை, அது வாழ்ந்த தண்ணீரை வடிகட்டி ஊற்றினாலே போதும். அது வெளிவிடும் வேதிப்பொருளைப் பாசி உணர்ந்துகொள்கிறது! மொய்னா டாஃப்னியாவுக்கு நெருங்கிய உறவு. கூட்டமாகிவிட்ட பாசியைச் சின்ன வாயால் விழுங்க முடியாது, அதனால் மொய்னாக் குட்டிகள்தான் முதலில் பட்டினி கிடக்கும். பாசிக்கும் இதில் நஷ்டம் உண்டு. கூட்டம் சீக்கிரம் மூழ்கும், அடியில் வெளிச்சம் குறைவு.

எல்லாப் பாசியும் இப்படி உடனே மாறுவதில்லை. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியை, அதைத் தின்னும் பாரமீசியம் என்ற நுண்ணுயிரோடு சுமார் 750 தலைமுறை வளர்த்த ஆய்வு 2019இல் வெளியானது. ஐந்து தொகுதிகளில் இரண்டு பல செல் உருவத்துக்கு மாறின. அங்கே மாறியது மரபு. பாரமீசியத்தை விலக்கிய பிறகும் அவை கூட்டமாகவே இருந்தன. அதனால்தான் மொய்னா படாத பச்சைத் தண்ணீரில் ஒரு பாட்டில் எப்போதும் தனியாக இருக்கட்டும் என்கிறேன்.

ஆனால் ஒன்று. எட்டுச் செல் கூட்டம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் டிரம்மில் கையில் எடுக்கும் அளவுக்குத் திரள் திரளாக, பழுப்பாக இருந்தால் அது அநேகமாகச் செத்த பாசி. உரம் தீர்ந்திருக்கலாம், வெயில் போதாமல் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் பள்ளி ஆய்வகத்தில் 400 மடங்கு நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பாருங்கள். செல்கள் நான்கு, எட்டாக வரிசை கட்டி நின்றால் செனடெஸ்மஸ் கூட்டம்தான். வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? இரண்டு போத்தலில் ஒரே பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். ஒன்றில் காப்பித் துணியில் வடிகட்டிய மொய்னாத் தண்ணீர், மற்றதில் அதே அளவு சாதாரணத் தண்ணீர் சேர்த்து, ஒரே வெயிலில் மூன்று நாள் வையுங்கள். முதல் போத்தலில் மட்டும் பச்சை அடியில் படிந்தால், அநேகமாக மொய்னாவின் வேலைதான்.

இனி டிரம்மை இரண்டாக்குங்கள். ஒன்றில் பச்சை மட்டும். அதற்குக் காற்றுக் குழாய் போட்டால் பாசி மிதந்தே இருக்கும். மற்றதில் மொய்னா. தினமும் கொஞ்சம் பச்சையை மொய்னாவுக்கு ஊற்றுங்கள், அந்தப் பக்கத்துத் தண்ணீர் திரும்பி வரவே கூடாது. மொய்னா அள்ளும் வலை, குவளை எதையும் பச்சை டிரம்மில் நனைக்காதீர்கள்.