விவ் ஆல்பர்ட்டைனோட சுயசரிதை ரெண்டாவது பாதி போரா இருக்குன்னு ஏன் சில பேர் சொல்றாங்க?

2014ல வந்த புக் இது, இவங்க லண்டன்ல தி ஸ்லிட்ஸ்ங்கிற பங்க் (வேகமான, முரட்டுத்தனமான ராக் மியூசிக்) பேண்ட்ல கிட்டார் வாசிச்சவங்க. கிராமஃபோன் ரெக்கார்டு மாதிரியே சைடு ஒன், சைடு டூன்னு புக்கை பிரிச்சிருப்பாங்க. முதல் பாதில 1976 லண்டன், செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்ட் சிட் விஷியஸ், தி கிளாஷ் பேண்ட் மிக் ஜோன்ஸ், 1979ல வந்த ஸ்லிட்ஸோட 'கட்' ஆல்பம்னு ஓடும், பங்க் ரசிகர்கள் இதுக்காகத்தான் வாங்குறாங்க, அதனால பேண்ட் 1982ல கலைஞ்சதும் அவங்களுக்கு கதையே முடிஞ்ச மாதிரி ஆயிடுது.

ஆனா சைடு டூலதான் குழந்தைக்காக ஐவிஎஃப் பண்ணது, கேன்சர், டிவோர்ஸ், ஐம்பது வயசுக்கு மேல திரும்ப கிட்டார் எடுத்து சின்ன சின்ன பப்ல நடுங்கிட்டே பாடினது எல்லாம் வருது. பெண் வாசகர்கள் நிறைய பேர் இந்தப் பகுதியைத்தான் கொண்டாடுறாங்க, எனக்கும் அதுதான் பெரிய விஷயமா படுது, ஏன்னா கிட்டார் வாசிக்கவே தெரியாம இருபத்திரெண்டு வயசுல ஸ்டேஜ் ஏறுறத விட, எல்லாம் விட்டுப்போய் வருஷக்கணக்கா ஹவுஸ்வைஃபா இருந்துட்டு திரும்ப ஏறுறதுக்கு இன்னும் தில்லு வேணும். உடம்பைப் பத்தி ரொம்ப ஓப்பனா எழுதியிருக்காங்கன்னு முகம் சுளிக்கிறவங்களும் உண்டு, அந்த ஓப்பன்னெஸ் இல்லன்னா இந்த புக்கே இல்ல. முதல் பாதியோட நிறுத்திடாதீங்க, அப்புறம் 2012ல வந்த அவங்க சோலோ ஆல்பத்தையும் கேளுங்க.