பேரன் சொன்ன பூதம்

வணக்கம் அண்ணன். டெக்சாஸ் மைக்கல் மார்ட்டன் வழக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கோப்பிக் கடையில் அதைச் சொன்னால், ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்கிறார் மாமா. சித்தப்பா மகன் கேஸ் அடுத்த மாதம் ஈப்போவில் வருகிறது. இங்கேயும் சாட்சியத்தை ஒளிக்க முடியுமா?
– சுங்கை சிப்புட் வாசகர்

தம்பி, மாமாவிடம் சொல்லுங்கள், ஒருவரை உள்ளே தள்ளக் கதை கட்ட வேண்டியதே இல்லை. கையில் இருப்பதைக் காட்டாமல் விட்டாலே போதும்.

1986இல் மார்ட்டனின் மனைவி வீட்டில் கொல்லப்பட்டார். மூன்று வயது மகன் பாட்டியிடம் சொன்னான்: செய்தது ஒரு பூதம், அப்பா அப்போது வீட்டில் இல்லை. பாட்டி, அதாவது மகளைப் பறிகொடுத்தவர், அதை அப்படியே போலீசிடம் சொன்னார். தாளிலும் ஏறியது. மார்ட்டனின் லாயர் கைக்கு மட்டும் வரவில்லை. மனைவியைக் கொன்றதாக 1987இல் மார்ட்டனுக்கு ஆயுள் தண்டனை. மரபணுச் சோதனை வேறொருவனைக் காட்டி, 2011இல் வெளியே வரும்போது ஏறக்குறைய 25 வருடம் போய்விட்டது. வழக்கை நடத்திய அரசு வக்கீல் இடையில் நீதிபதியாகவே ஆகிவிட்டார்! 2013இல் அவருக்குக் கிடைத்த தண்டனை 10 நாள் சிறை. வக்கீல் உரிமமும் போனது. (வகுத்துப் பார்க்காதீர்கள், தலை சுற்றும்.)

சரி, நம் கதைக்கு வருவோம். இங்கே மலேசியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 51ஏ பிரிவு இருக்கிறது. கோர்ட்டில் விசாரணை தொடங்குமுன் போலீஸ் புகாரின் நகல், அரசுத் தரப்பு காட்டப்போகும் ஆவணங்கள், அப்புறம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான விவரங்களை எழுதிக் கையெழுத்திட்ட தாள், எல்லாம் தரவேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் எது சாதகம் என்று முதலில் பார்த்து எழுதுவது யார்? அதே அரசுத் தரப்பு. பொதுநலனுக்கு ஆகாது என்றால் சிலவற்றைத் தராமலும் இருக்கலாம்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தோட்டத்துக் கணக்கர் கிராணி பால் நிறுக்கும்போது, தராசு முள்ளை எட்டிப் பார்ப்பார். ‘எழுத்து தெரியாட்டி என்ன, முள்ளு தெரியுதே’ என்பார். கோர்ட்டில் நமக்கு அந்த முள்ளும் தெரிவதில்லை.

அதனால் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: 51ஏ தாள்கள் வந்தனவா என்று லாயரிடம் கேட்கட்டும். வராவிட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லட்டும். லாயருக்குக் காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தில் விசாரியுங்கள். ‘ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று லோக்காப்பில் யாராவது சொல்லியிருந்தால், அதையும் லாயரிடம் மறைக்கவேண்டாம்.