இரண்டு தடவை கியர்பாக்ஸ் இறக்கியும் ஆயில் நிற்கவில்லை!

கேள்வி: என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா ஓட்டியது, விற்க மனசில்லை. ஒரு வருடமாக ஆயில் லீக். காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது. 'கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போச்சு' (இஞ்சினைச் சுற்றவைக்கும் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிவரும் இடத்து ரப்பர் வளையமாம்) என்று கியர்பாக்ஸை இறக்கி மாற்றினார்கள், இரண்டே மாதத்தில் மறுபடி லீக். வேறு மெக்கானிக்கும் அதே சீலைத்தான் மாற்றினார், அதே கதை. மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். இப்போது இஞ்சினையே பிரிக்கணும் என்கிறார்கள். மாடிப்படி பக்கத்தில் நிறுத்துவதால் கீழ்வீட்டு அக்காவோடு தினமும் சண்டை. என்ன செய்யலாம் அண்ணே?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த அக்காவைச் சமாதானப்படுத்துவோம் தம்பி. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்துவிடுங்கள். தரை தப்பிக்கும், நமக்கும் ராத்திரி எத்தனை சொட்டு விழுந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்று தெரிந்துவிடும்.

சொட்டை ஏன் எண்ணச் சொல்கிறேன் என்றால், சுமார் இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ராத்திரிக்கு முப்பது சொட்டு என்று வைத்தால்கூட மாதம் 45 மில்லிதான் ஆகிறது, ஆனால் நீங்கள் ஊற்றுவது 500 மில்லி! அப்படியானால் பெரும்பகுதி வண்டி ஓடும்போது வெளியே போகிறது, இல்லையென்றால் உள்ளே எரிகிறது. தரையில் பார்க்கிற கறையை மட்டும் வைத்து கியர்பாக்ஸை இறக்கியதுதான் இங்கே நடந்த தப்பு.

இப்போது பானட்டைத் திறங்கள். உங்கள் இஞ்சினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு கரன்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டில் (இஞ்சினின் மேல்பாகம்) கியர்பாக்ஸ் பக்கத்துக் கோடியில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் சுற்றுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் ஓ ரிங்கோ, அது உட்காரும் கேஸின் பேக்கிங்கோ காய்ந்துபோனால் ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி நேராக, கியர்பாக்ஸ் இஞ்சினோடு சேரும் பெல் ஹவுசிங் மேல் விழும், அடியில் போய்ச் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அது சாட்சாத் கிராங்க் சீல் லீக் மாதிரியே தெரியும். மழைக்காலத்தில் மொட்டைமாடி மூலையில் இறங்கின தண்ணீர் ஹாலில் ஃபேன் கொக்கியில் சொட்டுமே, அதே சமாசாரம். ஹெட்டை மேலே மூடும் டாப்பெட் கவரின் பேக்கிங்கும் பின்மூலையில் போனால் இதே வழிதான். ஹெட்டில் மாட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின் அடி பேக்கிங்கையும் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் கியர்பாக்ஸைத் தொடாமல் மேலிருந்தே மாற்றுகிற, செலவு குறைந்த வேலைகள்.

எது என்று கண்டுபிடிக்க இஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டும். மணலி, எண்ணூர் ரோட்டுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகப் பூசிக்கொண்டால் எந்தக் கெட்டிக்காரனாலும் ஒன்றும் சொல்ல முடியாது. இஞ்சின் நன்றாக ஆறின பிறகு கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலிதீன் பையால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து மேலிருந்து கீழ்வரை தேயுங்கள். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். துடைத்து முழுக்கக் காயவிட்டு, சந்தேகப்படும் மூட்டுகளில் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். அப்புறம் திருவொற்றியூர் ஹைரோடில் ஒரு அரைமணி ஓட்டிவிட்டு வந்து, கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டி நன்றாகச் சூடேறினால் இன்னும் நல்லது, டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அங்கேதான் ஆயில் கிளம்புகிறது. ஒற்றை வயர் மாட்டிய ஆயில் பிரஷர் சுவிட்சையும் விடாதீர்கள். அது இஞ்சின் ஓடும்போது மட்டும் கசியும், நின்றால் நின்றுவிடும். உங்கள் 500 மில்லி கணக்குக்குப் பொருந்துகிற ஆசாமி.

சரி, இன்னொன்று. புது சீல் இரண்டு மாதத்தில் போகிறது என்றால் உள்ளே காற்றழுத்தம் சேர்கிறதா என்று கேட்க வேண்டும். டாப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போகிறதே, அதுதான் பிரீதர். வீட்டிலிருந்து காசிமேடு, காசிமேட்டிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே வண்டி வாழ்ந்தால் இஞ்சின் முழுசாகச் சூடாவதே இல்லை, உள்ளே ஈரம் சேர்ந்து ஆயில் கஞ்சி மாதிரி ஆகி இந்த வழியை அடைத்துவிடும். வெளியேற முடியாத அழுத்தம் எந்த சீல் இளைத்ததோ அதைத் தள்ளிக்கொண்டு வரும். ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், போகவில்லையென்றால் கழுவுங்கள், விறைத்திருந்தால் மாற்றுங்கள். பிரீதர் சரியாக இருந்தும், ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் இட்லிப் பானை மாதிரி புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். இஞ்சினைப் பிரிக்கிற பேச்சு அதற்குப் பிறகுதான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இஞ்சினை அணைக்காமல் ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு சீலாக இருக்கலாம், அதற்கு முழு இஞ்சினையும் பிரிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் பார்த்து மேலே எல்லாம் காய்ந்தே இருக்கிறது, கீழே மட்டும் ஈரம் என்றால் கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும். இறங்கினால் பக்கத்தில் நில்லுங்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை அடிப்பது கியர் ஆயில். அப்போது பிரச்னை கியர்பாக்ஸ் சீலில். இஞ்சின் ஆயில்தான் என்றால் சீல் உட்காரும் ஹவுசிங்கின் பேக்கிங்கையும் மாற்றச் சொல்லுங்கள், இரண்டு பேருமே அதை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். கிராங்கில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அதே இடத்தில் எத்தனை புது சீல் போட்டாலும் வீண்.

கேள்வி: என் பழைய காரில் சம்ப் (இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) முழுக்க ஈரம். பேக்கிங் மாற்றி, சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் தாராளமாகப் போட்டும் கசிகிறது.
– வாசகி, எண்ணூர்

பதில்: கடலோரத்தில் வண்டி நிற்கிறது அம்மா, உப்புக்காற்று தகர சம்பைச் சும்மா விடாது. பெயின்ட் உப்பின இடங்களை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் ஊசித்துளை தெரியும். அதற்கு சம்பையே மாற்றுங்கள். ஆயில் மாற்றும் போல்ட்டின் வாஷரும் நசுங்கியிருக்கலாம். ஆனால் எனக்குக் கவலை அந்தத் 'தாராளம்'தான். அதிகப்படி பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஆயில் பம்பின் வடிகட்டி ஜாலியில் போய் அடைத்துக்கொண்டால் இஞ்சின் ஜாம். சம்பை இறக்கும்போது ஜாலியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: லீக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, ஊற்றலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அது விறைத்துப்போன ரப்பரைக் கொஞ்சம் இளக்கி உப்ப வைக்கும். சீல் லேசாகக் கசிந்தால் சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். கிழிந்த பேக்கிங்குக்கும் ஓட்டை சம்புக்கும் அது ஒன்றும் செய்யாது. டைமிங் பெல்ட் பக்கம் கசிவு என்றால் மருந்தை நம்பி நாள் கடத்தாதீர்கள். ஆயிலில் ஊறின பெல்ட் மின்ட் மேம்பாலம் ஏறும்போது அறுந்தால் பின்னாலிருக்கிற லாரிக்காரர் பேசுவதைப் பத்திரிகையில் எழுத முடியாது.