அப்பாருக்கும் வந்தது, ஐயனுக்கும் வந்தது... எனக்கு?

கேள்வி: எங்க அப்பாரு (தாத்தா) கை கால் விழுந்து ஆறு வருசம் கட்டில்லயே கிடந்தாருங்க. போன தை மாசம் எங்க ஐயனுக்கும் (அப்பாவுக்கும்), தறிக்கு முன்னால நின்னுக்கிட்டு இருக்கையிலேயே வாய் கோணி, வலக்கை விழுந்துபோச்சுங்க. அவருக்கு 57, எனக்கு 34. இது ரத்தத்துலயே வர்றதுங்களா? எச்சில் எடுத்து மரபணு டெஸ்ட் பண்ணினா முன்னாடியே தெரியும்னு ஒரு லேப்ல சொல்றாங்க. பண்ணட்டுங்களா?
— வாசகர், சோமனூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வையுங்க. ஐயனுக்கும் ஆகும்.

ரத்தத்தில் வருகிறதா என்றால், கொஞ்சம் வருகிறது. ஆனால் தோட்டத்துப் பத்திரம் போல அப்படியே கைமாறுவதில்லை. 2022-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 1,10,000-க்கும் அதிகமான பக்கவாத நோயாளிகளைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 89 மரபணு இடங்களைச் சொன்னது. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளிதான் கூட்டும். அந்த நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குதான் ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்கள். அதிலும் நம்மைப் போன்ற தெற்காசியர் சொற்பம். அந்தக் கணக்கை வைத்து உங்கள் எச்சிலுக்கு மார்க் போட்டால் நான் நம்பமாட்டேன்.

ஊருக்கு ஊர் மரபணுவும் மாறும். மூளை ரத்தக்குழாயைச் சுருக்கும் மொயமொயா நோய்க்கான ஆர்என்எஃப்213 மாற்றம் ஜப்பான், கொரியாவில் உண்டு; ஐரோப்பியரிடம் அரிது. அவ்வளவு தூரம் எதற்கு, மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம், ரத்தச் சிவப்பணுவை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் நோயின் மரபணு இருப்பது 1952-லேயே பதிவாகிவிட்டது. அந்த நோயுள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயதிலேயே பக்கவாதம் வரலாம். அங்கே டெஸ்ட் அவசியம். ஒற்றைத் தலைவலியும் இருந்து, பிரஷர், பீடி எதுவும் இல்லாமலே ஒரு குடும்பத்தில் பலருக்கு 40-களில் வந்தாலும் பரம்பரைப் பக்கவாதத்துக்குக் காரணமாகும் கோளாறு நாட்ச்3 என்ற மரபணுவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அப்பன் பிள்ளைக்குக் கொடுப்பது மரபணு மட்டுமா? அதே உப்பு, அதே ஊறுகாய், அதே நைட் ஷிப்ட், அதே பீடி. 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை மாற்றக்கூடிய 10 காரணங்களுக்குள் அடக்கியது. முதல் இடம் பிரஷருக்கு. என் அம்மா தலை சுற்றினால்தான் பிரஷர் மாத்திரை போடுவார். சுற்றல் நின்றதும் மிச்சம் அரிசிப் போசிக்குள் போய்விடும். டாக்டர் மகள் சொல்லி என்ன பயன்!

இவ்வளவு எழுதிய நீங்கள், ஐயனின் பிரஷர் எவ்வளவு என்று ஒரு வரி எழுதவில்லை. உங்களுடையதும் இல்லை. இந்த வாரமே பாருங்க. 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் போங்க. ஐயன் மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்றும் மெல்லக் கேளுங்க.

இனி வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், புறா ரத்தம் தேடி அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அன்றைக்கு ஐயனை எத்தனை மணிக்குக் கொண்டுபோனீங்க?