மேடையில் 16 பேருக்கும் ஒரே மாதிரி உடை. கையில் 55,000 ரூபாய்

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 31,000 ரூபாய். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா இல்லை. வரும் தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறார்கள். எங்கள் பக்கம் மேடையில் நிற்கப்போகிற 16 பேருக்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. தோழிகள் 4 பேர், சித்தப்பா பெண்கள் 3 பேர், ஆக 7 பேருக்கு லெஹங்கா, தலா 6,500. நானும் பெரியப்பா, மாமா வீட்டுப் பையன்களுமாக 5 பேருக்கு கோட் சூட், தலா 9,000. அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தை நால்வருக்கும் பட்டுப் புடவை, தலா 8,000. மொத்தம் 1,22,500. ஜவுளிக்கென்று நான் ஒதுக்கி வைத்திருப்பது 55,000. மீதிக்கு 16 சதவீத வட்டியில் தனிநபர் கடன் தருகிறோம் என்று போன் மேல் போன் வருகிறது. எடுக்கலாமா? இல்லை, பெண்களை அவரவர் செலவில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா? சித்தப்பா பெண்களில் சின்னவள் இன்னும் படிக்கிறாள்.

பதில்: இரண்டுமே வேண்டாம் தம்பி. உங்கள் 55,000 ரூபாய்க்குள் 16 பேரையும் அழகாக நிறுத்த முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கடன். 67,500 ரூபாயை 16 சதவீதத்தில் இரண்டு வருடத் தவணைக்கு எடுத்தால் மாதம் சுமார் 3,300 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 11,800 ரூபாய் பக்கம் போகும். பரிசீலனைக் கட்டணம் அதற்கு மேல். ஆனால் என் கவலை வட்டியைப் பற்றி அல்ல. அப்பா இல்லாத வீட்டில் கல்யாணத்துக்கு அடுத்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் நிற்க வேண்டும். ஆடிக்கு மாப்பிள்ளையை அழைக்க வேண்டும், தலைதீபாவளி வரும், அப்புறம் வளைகாப்பு, குழந்தை பிறந்தால் தாய்மாமன் சீர். எல்லாம் அந்த இரண்டு வருடத்துக்குள்ளேயே வரக்கூடியவை. அண்ணன் கையில் பணம் இருக்க வேண்டிய காலத்தில், ஒரு நாள் போட்டுக் கழற்றிய கோட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைக்காரர் சொன்ன விலை வரியோடு சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்குள் என்றால் 5 சதவீதம். கோட்டும் ரெடிமேட் லெஹங்காவும் 18-இல் மாட்டும். புடவை, துணிக் கணக்கில் வருவதால் 5 சதவீதம்தான். வரி தனி என்றால் உங்கள் 1,22,500 ரூபாய்க் கணக்கு 1,40,000 பக்கம் போய் நிற்கும்.

அடுத்து, பெண்களையே வாங்கிக்கொள்ளச் சொல்வது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். என் தம்பி கல்யாணம் தர்மபுரியில் நடந்தது. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் அரக்குப் புடவையில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, கடையையும் விலையையும் சொல்லி, ‘எல்லோரும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று போன் போட்டது நான்தான். பென்னாகரத்துச் சித்தி மகளும் அதையே கட்டிக்கொண்டு வந்து சிரித்த முகமாக நின்றாள். நாலைந்து மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. அவள் மாமியார்தான் பேச்சுவாக்கில் சொன்னார், கல்யாணப் புடவைக்கு வைத்த கம்மலை இன்னும் மீட்கவில்லை என்று. எங்கள் வீட்டில் மிச்சம் என்று நாங்கள் எழுதிய பணம் அவள் வீட்டில் அடகுச் சீட்டாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அங்கே குடித்த காபி எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சொந்தத்தில் ஒருவர் கேட்டால் ‘என்னால் முடியாது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இதே புடவைதான் வேண்டும் என்று நாம் சொன்னால் அதற்குப் பணமும் நாம்தான் தர வேண்டும். தர முடியாதென்றால் நிறத்தை மட்டும் சொல்லலாம், அதையும் பச்சையோ மஞ்சளோ இருப்பதைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்கிற அளவுக்குத்தான்.

நல்ல வேளையாக, உங்களால் தர முடியும். லெஹங்காவை விட்டுவிட்டு ஏழு பெண்களுக்கும் ஒரே மாதிரி செட்டுப் புடவை எடுங்கள். பர்கூர் உங்களுக்குத் தூரமில்லை. அங்கே வரிசையாக ஜவுளிக் கடைகள், மொத்த விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும். சேலம் பக்கம் இளம்பிள்ளைக்குப் போனாலும் சரி. ஒரு புடவைக்கு 1,300 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ஏழுக்கு 9,100. பகல் வெளிச்சத்தில் போய், கடை வாசலுக்கு எடுத்துவந்து விரித்துப் பாருங்கள். குழல்விளக்குக்குக் கீழே அரக்காகத் தெரிவது வெயிலில் பழுப்பாகிவிடும். ஏழும் ஒரே கட்டிலிருந்து வந்தவையா என்று பாருங்கள், சாயம் கொஞ்சம் மாறினாலும் போட்டோவில் காட்டிக்கொடுத்துவிடும். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் கையால் தேர்ந்தெடுத்த புடவை என்றால் லெஹங்கா நினைப்பு தானாகக் குறைந்துவிடும்.

பெரியவர்களின் பட்டில் கை வைக்க வேண்டாம். அந்த நால்வருக்கும் எடுத்துக் கொடுப்பது முறை. மேடைக்காக மட்டும் எடுப்பதில்லை அது. தை மாதக் கல்யாணம் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கோ-ஆப்டெக்ஸில் ஆண்டுதோறும் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. நீங்கள் நினைத்த அதே 8,000 ரூபாய்ப் புடவை அப்போது 5,600-க்கு வரும். நான்குக்கு 22,400. நான்கும் ஒரே விலையில் இருக்கட்டும். அத்தைக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று விலை மாறினால் அந்தப் பேச்சு பத்து வருடம் ஓடும். வேறு கடைக்குப் போனால் சுத்தப் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை பார்த்து வாங்குங்கள். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004 முதல் இருக்கிற முத்திரை அது. சுத்தப் பட்டு என்று இரண்டாயிரத்துக்கு யாராவது நீட்டினால், தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிற உங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள், அந்த விலைக்கு வருமா என்று.

பையன்களுக்கு வெள்ளை வேட்டியும் ஒரே நிறச் சட்டையும் போதும். தலைக்கு 1,800 என்றால் 9,000. கட்டத் தெரியாத பையனுக்கு ஒட்டு வேட்டி எடுத்துவிடுங்கள். அந்தச் சட்டையை நாளைக்குப் பேன்ட்டோடு போட்டுக்கொண்டு வேலைக்கும் போகலாம். ரிசப்ஷனில் கோட் போட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால் உங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். முன்பணம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மறந்துபோகிற செலவு தையல் கூலி. 11 ஜாக்கெட், லைனிங் சேர்த்து தலா 600 என்று போட்டாலே 6,600. ஆரி ஒர்க் வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் ஜாக்கெட் புடவை விலையைத் தாண்டிவிடும். அது மணப்பெண்ணுக்கு மட்டும் இருக்கட்டும். கார்த்திகை முடிவதற்குள் துணியைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மார்கழியில் பொங்கல் துணியும் தை முகூர்த்தத் துணியும் சேர்ந்து அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அவசரத்துக்கு அவசரக் கூலிதான்.

கூட்டிப் பாருங்கள்: 9,100, 22,400, 9,000, 6,600. மொத்தம் 47,100. மிச்சம் 7,900. பட்டுக்கு வரி, புடவைக்கு ஃபால்ஸ், பெண்களுக்கு வளையல், கோட் வாடகை எல்லாம் அதற்குள் அடங்கும்.

கடன் எடுத்திருந்தால் கட்டியிருக்க வேண்டிய 3,300 ரூபாயை இந்த மாதத்திலிருந்தே வங்கியில் ஒரு வருட ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு) போட்டுவிடுங்கள். 39,600 ரூபாயும் வட்டியும் சேர்ந்து வரும். ஆடி அழைப்பும் தலைதீபாவளியும் வரும்போது யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது.

படிக்கிற பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளிடமிருந்து அளவு ஜாக்கெட் வாங்கும்போதே தையல் கூலியை நீங்களே தையல்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். தைத்த ஜாக்கெட்டை வாங்கப் போகிற அன்றைக்கு அவளிடம் யாரும் பணம் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.