"ஒன்றும் வேண்டாம்" என்பவருக்கு என்ன வாங்குவது?

கேள்வி: என் கணவர், அப்பா, அண்ணன் மூன்று பேருக்கும் அடுத்தடுத்த வாரங்களில் பிறந்தநாள் வருகிறது. என்ன வேண்டும் என்று கேட்டால் மூவரும் சொல்லிவைத்ததுபோல "ஒன்றும் வேண்டாம், எதற்கு வீண் செலவு" என்கிறார்கள். தேவையானதை அவர்களே வாங்கிக்கொள்கிறார்கள். போன வருடம் அப்பாவுக்கு எடுத்துக்கொடுத்த இரண்டு சட்டைகள் இன்னும் கவரைவிட்டு வெளியே வரவில்லை. மூன்று பேருக்கும் வாங்க வேண்டியிருப்பதால் அதிகம் செலவழிக்க முடியாது. ஆனால் வாங்குவது உபயோகப்பட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட அந்த நிமிடத்தில் அவருக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆண்கள் முற்றிலும் உடைந்துபோனதை உடனே மாற்றிவிடுவார்கள். பாதி உடைந்ததை வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். கழுத்தில் டேப் சுற்றிய சார்ஜர் கேபிள், இரண்டு தட்டு தட்டினால்தான் எரியும் டார்ச், ஆணியால் கூடுதலாக ஓட்டை போட்ட பெல்ட், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பர்ஸ். இதெல்லாம் ஒரு குறை என்றே அவர் கணக்கில் வராது. கேட்டால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்.

ஆகவே அவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசிப்பதை ஒரு வாரம் ஒத்திவையுங்கள். அவர் எதையெல்லாம் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். என் அப்பாவுக்கு ஒருமுறை அழகான ஷேவிங் செட் வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்லி உள்ளே வைத்தார், அது உள்ளேயே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்துத்தான் கவனித்தேன், மோட்டார் ரிப்பேர் பார்க்கும்போதெல்லாம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஷேவிங் செட் விலையில் கால் பங்குகூட இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இரவல் தர மாட்டார்.

விலை குறைவாக இருக்கிறதே என்ற சங்கடம் உங்களுக்கு இருந்தால் ஒரு தகவல். பரிசு கொடுப்பவரும் பெறுபவரும் விலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு விசாரித்தது. விலை ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறும் என்று கொடுத்தவர்கள் நினைத்தார்கள். பெற்றவர்களிடம் அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் பயன்படும்: நாமாக யோசித்துத் தரும் பரிசைவிட, அவர்களே கேட்ட பொருளைத் தந்தால்தான் பெறுபவர்கள் அதிகம் மகிழ்கிறார்கள். உங்கள் வீட்டு ஆட்கள் வாய்விட்டுக் கேட்பவர்கள் இல்லை. ஆனால் முணுமுணுப்பார்கள். "இந்தக் கத்தி ஒரு நாளும் வெட்டாது" என்று அலுத்துக்கொள்வதும் கேட்பதுதான். போனில் ஒரு குறிப்பு திறந்து வைத்துக்கொண்டு, காதில் விழும்போதெல்லாம் எழுதிவையுங்கள்.

கையில் இருக்கும் பணத்தைப் பெரிய பொருளின் மலிவு ரகத்தில் போடாதீர்கள். சின்னப் பொருளின் உயர்ந்த ரகத்தில் போடுங்கள். மட்டமான கைக்கடிகாரம் வாங்கும் காசில், வருடக்கணக்கில் மழுங்காத நகவெட்டி வாங்கலாம். நகவெட்டியா என்று சிரிக்காதீர்கள். நல்ல எஃகில், இரண்டு விளிம்பும் துல்லியமாகச் சேரும் நகவெட்டியை ஒருமுறை பயன்படுத்தியவர் பழையதைத் தொட மாட்டார்.

கைக்கடிகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது: கடிகாரத்தை மாற்ற மறுப்பவருக்குப் பட்டையை மாற்றிக் கொடுக்கலாம். பட்டை பொருந்தும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆண்கள் கடிகாரங்களில் பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டர்தான் வரும். பின்பக்கம் சின்ன நெம்புகோல் உள்ள பட்டையாகப் பார்த்து வாங்கினால் கருவி இல்லாமல் நகத்தாலேயே மாட்டிவிடலாம். பெல்ட்டுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய பெல்ட்டின் முழு நீளத்தை அளக்காதீர்கள். பக்கிளின் முள் கிளம்பும் இடத்திலிருந்து, தேய்ந்து நீண்டிருக்கும் ஓட்டை வரை அளங்கள். அவர் உண்மையில் போட்டுக்கொள்ளும் அளவு அதுதான். புதிய பெல்ட்டில் அந்த அளவு நடு ஓட்டையில் வந்தால், உடம்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும்.

அப்புறம் சார்ஜர் சமாச்சாரம். அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. இரு முனையும் டைப்-சி உள்ள சாதாரண கேபிள் 60 வாட் வரை கடத்தும். போனுக்கு அது தாராளம். மடிக்கணினிக்கும் சேர்த்து என்றால் 100 வாட் அல்லது 240 வாட் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு மீட்டர் கேபிளே பெரிய உதவி. பவர் பேங்க் வாங்குவதானால், 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது சுமார் 6,000 முதல் 6,500 வரைதான் தேறும். 5,000 உள்ள போனை இரண்டு முறை நிரப்பும் என்று எதிர்பார்ப்போம், நடைமுறையில் ஒன்றரை முறை வரும். விமானத்தில் போகிறவர் என்றால், தனி அனுமதியில்லாமல் கொண்டுபோகும் வரம்பு பொதுவாக 100 வாட் மணி, அதுவும் கைப்பையில் மட்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 74 வாட் மணிதான், பயமில்லை.

டார்ச்சுக்கு வீட்டுப் புழக்கத்தில் 200, 300 லூமென் வெளிச்சம் போதும். அட்டையில் ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டார்ச்சைக் கொல்வது பெரும்பாலும் பல்பு இல்லை, உள்ளேயே மறந்துபோன அல்கலைன் பேட்டரி கசிவது. ரிமோட், கடிகாரம், டார்ச் என்று பேட்டரிக்கு எப்போதும் அலமாரியைக் கிளறிக்கொண்டிருப்பவருக்கு, ரீசார்ஜ் செய்யும் நான்கு ஏஏ பேட்டரியும் ஒரு சார்ஜரும் கொடுத்துப் பாருங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகையில், சார்ஜ் மெதுவாக இறங்கும் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய ரகம் சில மாதங்களிலேயே தானாகக் காலியாகிவிடும். இது ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜை வைத்திருக்கும்.

கருவிகள் விஷயத்தில் நூறு உருப்படிகள் அடங்கிய பெட்டியைக் கண்டால் ஒதுங்கிப்போங்கள். அதில் எண்பது ஒருநாளும் வெளியே வராது, மீதி இருபதும் மட்ட இரும்பாக இருக்கும். வீட்டில் கழற்றும் ஸ்டார் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை பிஎச் 2 அளவு, கொஞ்சம் பிஎச் 1. இந்த இரண்டு அளவில் நல்ல ஸ்க்ரூடிரைவர் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்க்ரூ தலை வழுக்கி மொழுக்கையாவதற்குத் தேய்ந்த முனையும் பொருந்தாத அளவும்தான் முக்கியக் காரணம். கண்ணாடி போடுபவரா? காது பக்க ஸ்க்ரூவைக் கத்தி முனையால் முறுக்கிக்கொண்டிருப்பார். விரல் நீளத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் நான்கு மாற்று ஸ்க்ரூவும் போதும். இந்தப் பட்டியலிலேயே மலிவான பரிசு இதுதான், அதிகம் பாராட்டு வாங்குவதும் இதுவாக இருக்கலாம்.

பொழுதுபோக்கு உள்ளவர் என்றால் அதன் மையத்தில் கை வைக்காதீர்கள். கேமரா வைத்திருப்பவருக்கு லென்ஸ் விஷயத்தில் ஆயிரம் அபிப்பிராயம் இருக்கும். ஆனால் தூசி ஊதும் பம்ப், மைக்ரோஃபைபர் துணி, மெமரி கார்டு வைக்கும் உறை இவற்றைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருக்காது. வாங்கவும் மாட்டார், சட்டை நுனியாலேயே துடைத்துக்கொண்டிருப்பார். சைக்கிள்காரருக்குப் பஞ்சர் ஒட்டும் கிட், பின் விளக்கு. தோட்டக்காரருக்கு முட்டிக்குக் கீழே போடும் மெத்தை, கைக்குப் பொருந்தும் கையுறை.

தீர்ந்துபோகும் பொருளையே இரண்டு மடங்காக வாங்கித் தருவதும் பரிசுதான், பலர் இதை மதிப்பதில்லை. அவர் விரும்பும் அதே பேனாவின் ரீஃபில், அதே சோப்பு. ஷேவிங்கில் மட்டும் கவனம் வேண்டும். கார்ட்ரிட்ஜ் ரேஸர் என்றால் அதே நிறுவனத்தின் அதே வரிசை தவிர வேறு பொருந்தாது. இரட்டை விளிம்பு பிளேடு போடுபவர் என்றால் சுதந்திரம் அதிகம். கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற அந்த வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, எந்த நிறுவனத்தின் பிளேடும் இப்போதைய ரேஸர்களில் பொருந்தும். நான்கைந்து நிறுவனங்களின் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால், தன் தாடைக்கு எது ஒத்துப்போகிறது என்று சோதித்துப் பார்ப்பதிலேயே அவருக்குப் பொழுது போகும்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது வேறு. வயதாக ஆகப் புதுப்பொருள் வீட்டுக்குள் வருவதே சிலருக்குச் சுமையாகத் தெரியும். அவர்களுக்குப் பழையதைச் சரிசெய்து கொடுங்கள். அடி தேய்ந்த ஷூவுக்குப் புது சோல், ஓடாமல் கிடக்கும் கைக்கடிகாரத்துக்கு பேட்டரியும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும், மழுங்கிய கத்திக்குச் சாணை, மங்கிவரும் பழைய புகைப்படங்களுக்கு ஸ்கேன் பிரதி. இதில் இரண்டு எச்சரிக்கை. சொல்லாமல் எடுத்துப்போய் வேலை பார்க்காதீர்கள், தேடித் தேடியே மனிதர் பாதி ஆகிவிடுவார். அப்புறம், சரிசெய்யச் சொன்னால் சரிமட்டும் செய்யச் சொல்லுங்கள். பழைய கடிகாரத்தைப் பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுத்தால் அவருடையது எங்கே என்று கேட்பார்.

வேண்டாதவை என்று பார்த்தால், செயலி இறக்கிக் கணக்குத் தொடங்கினால்தான் வேலை செய்யும் கருவிகள், வாசகம் அச்சடித்த கோப்பைகள், அவர் ஏற்கெனவே போடாத வாசனைத் திரவியம். எடை பார்க்கும் மெஷின், டம்பெல் போன்றவை பரிசு மாதிரி வரும் அறிவுரை, அதுவும் வேண்டாம்.

வாங்கியதைப் பெட்டியோடு கொடுக்காதீர்கள். "நல்ல நாள்" ஒன்றுக்காக எடுத்துவைக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் சீல் பிரிக்காத பெட்டி போனால் அது பெட்டியாகவே இருக்கும். பேட்டரி போட்டு, சார்ஜ் ஏற்றி, பட்டையை மாட்டிக் கையில் கொடுங்கள். பில்லை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டார்ச்சையோ பெல்ட்டையோ அதே நாளில் தூக்கிப் போடவும் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும். பத்து நாளில் கை தானாக நல்லது பக்கம் போகும்.

உங்கள் வீட்டு ஆண்கள் மூவருக்கும் என் யோசனை: கணவரைத்தான் தினமும் பார்க்கிறீர்கள், அவருடைய சமாளிப்புப் பட்டியல் உங்களுக்கே தெரியும், அதில் மேலே இருப்பதை எடுங்கள். அண்ணனுக்கு அவருடைய பொழுதுபோக்கின் ஓரத்திலிருந்து ஒன்று, பிடிபடவில்லை என்றால் அண்ணியிடம் ஒரு போன். அப்பாவுக்கு ரிப்பேர். அடுத்த முறை அங்கே போகும்போது அந்தச் சட்டைகளில் ஒன்றைக் கவரிலிருந்து எடுத்து, குண்டூசிகளை உருவி, காலர் அட்டையைக் கழற்றி, துவைத்துத் தேய்த்து, அவர் வழக்கமாகப் போடும் சட்டைகளுக்கு நடுவே மாட்டிவிட்டு வாருங்கள்.