ஐந்து கிலோவாட் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: ஆதம்பாக்கத்தில் கீழும் மேலுமாக எங்கள் தனி வீடு. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடுகிறது. மொட்டை மாடி காலியாகத்தானே கிடக்கிறது, 5 கிலோவாட் போடுங்கள் என்கிறார் சோலார்காரர். தெற்கே பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது. கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமா? புயலுக்குத் தாங்குமா? இபி கனெக்‌ஷன் இன்னும் மறைந்த அப்பா பெயரில்தான் இருக்கிறது.

பதில்: மாடியின் அளவை விடுங்கள், இபி கார்டை எடுங்கள். சென்னை வெயிலில் 1 கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 700-க்குக் கொஞ்சம் மேல். உங்கள் 900-இல் அது போக மிஞ்சுவது 200-க்குள். அதில் முதல் 100 இலவசம், மீதியும் சல்லிசு. நம் கட்டணத்தில் 500-ஐத் தாண்டும்போதுதான் அடி விழுகிறது. கீழ் ஸ்லாப் யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும், மேல் ஸ்லாப்பில் யூனிட் 10 ரூபாயைத் தாண்டும். 3 கிலோவாட் வெட்டுவது இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளை. கூடுதல் 2 கிலோவாட் வெட்டப்போவதோ பெரும்பாலும் இலவச யூனிட்டை! இன்னும் இரண்டு ஏசி, மின்சாரக் கார் என்று திட்டம் இருந்தால் மட்டும் பெரிதாக யோசியுங்கள்.

வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் 'சூர்ய கர்' திட்ட மானியமும் 3 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. முதல் இரண்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபாய். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பணம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், அதனால் முழுத் தொகையையும் முதலில் புரட்டியாக வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே கனெக்‌ஷனை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இனி தென்னை. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். பேனல்களை வரிசையாகக் கோத்து இணைப்பார்கள். ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தால் இழப்பு அந்த ஒன்றோடு நிற்காமல் வரிசை முழுவதையும் இழுக்கலாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு மரத்தின் நிழல் அப்போதுதான் அதிகம் நீளும். சித்திரையில் அளவெடுத்துவிட்டு 'நிழலே இல்லை' என்று சொல்பவரை நம்பாதீர்கள். காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை நிழலையும் சேர்த்துத்தான். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி நிழலில்லாத இடம் போதும். நிழல் தப்பவே வழியில்லை என்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சின்னக் கருவி) கேளுங்கள், விலை கூடும்.

பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைக்கும் சோலாரில், கரண்ட் போனால் ஃபேன் ஓடாது. மாடியில் வெயில் கொளுத்தினாலும் சோலாரும் சேர்ந்து நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. வீட்டில் பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

புயலைப் பொறுத்தவரை, பேனலை விடச் சட்டமும் போல்ட்டும்தான் முக்கியம். 2016 டிசம்பரில் வர்தா அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சட்டத்தை எட்டடி உயர்த்தினால் கீழே துணி உலர்த்தலாம் என்பார்கள் (வடாம் காயாது, வெயில்தான் மேலேயே நின்றுவிடுமே). உயரம் கூடக்கூடக் காற்று தூக்கும் விசையும் கூடும். தாழ்வாக, தெற்கு பார்த்து, 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். நம் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். நன்றாகத் துத்தநாகப் பூச்சு கொடுத்த சட்டமும், துருப்பிடிக்காத எஃகு நட்டு போல்ட்டும் வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். தளத்தில் துளை போடுவதாக இருந்தால் ஒழுகாமல் அடைத்துத் தருவதும் அதில் இருக்கட்டும்.

அப்புறம், தூசி துடைக்கப் போர் தண்ணீரை ஊற்றி அப்படியே காயவிடாதீர்கள், கண்ணாடியில் உப்புக்கறை படிந்துவிடும். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில், வெயில் ஏறுவதற்கு முன்னால் கழுவிவிடுங்கள்.